மஞ்சள் பையில் இல்லாத அட்டை

(மந்தாரக்குப்பத்தில் நடந்த குடும்பங்களின் கூட்டத்தில் நம் மருத்துவமனையின் ஆன்மீகப் பணியாளர் ஆற்றிய உரை. வர இயலாத ஆதரவாளர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கு முழுமையாக வெளியிடுகிறோம்.)



"கத்தோலிக்கத் தாயும் குடும்ப வாழ்வும்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் கேட்டார்கள். குருமடத்தில் படித்த காலத்தில் இந்தத் தலைப்பில் எத்தனையோ மறையுரைகள் எழுதிப் பழகியிருக்கிறோம். தாய் என்பவள் மெழுகுவர்த்தி, தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருகிறவள் என்று சொன்னால் பேராசிரியர்களும் மகிழ்வார்கள். இப்போது எங்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நோயாளிகளின் படுக்கையருகே பல ஆண்டுகள் நின்றபிறகு அந்த மெழுகுவர்த்தி உவமையைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்காகவே இன்று வந்திருக்கிறோம்.

இந்த ஊரைச் சேர்ந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அவரிடம் அனுமதி கேட்டோம். "பேர் மட்டும் வேண்டாம் சாமி, மத்தது எல்லாம் சொல்லுங்க. நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கட்டும்" என்றார். ஆகவே பெயரைச் சொல்லவில்லை. யாரென்று தேடவும் வேண்டாம். நாங்கள் சொல்லச் சொல்ல, "இது நம் வீட்டுக் கதைதானே" என்று உங்களில் பலருக்குத் தோன்றும்.

அவர் கணவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று பிள்ளைகள். மூத்தவன் கல்லூரியில், அடுத்த பெண் மேல்நிலைப் பள்ளியில், கடைக்குட்டி ஆறாம் வகுப்பில். கூடவே கண் மங்கிப்போன மாமியார். கணவர் ஷிப்டுக்குப் போக வேண்டும் என்றால் அந்த அம்மா அதிகாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். குழாயில் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, டிபன் கேரியர் கட்டி, பிள்ளைகளை எழுப்பி, மாமியாருக்குக் காப்பி கொடுத்து, கொடியில் காயும் துணியில் படிந்த தூசியை உதறி மடித்து முடிக்கும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். பகலில் முந்திரி உடைக்கும் வேலை. நம் பகுதிப் பெண்களுக்கு அது தெரியாததல்ல. முந்திரி ஓட்டின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது அந்த விரல்களை மறைத்துக்கொள்ளப் பார்ப்பார். அதை நாங்களே கண்டிருக்கிறோம்.

அந்த வீட்டின் வரவு செலவு முழுவதும் அவர் கையில்தான். முதலில் பிள்ளைகளின் படிப்புக் கட்டணம். அடுத்து மகளிர் குழுவில் வாங்கிய கடனின் தவணை. பிறகு மளிகை, மாமியாரின் மருந்து. மாதத்தில் வேலை நாள் குறைந்தால் தோடு அடகுக் கடைக்குப் போகும், நிலைமை சீரானால் திரும்பி வரும். இத்தனைக்கும் நடுவில் சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார். மாதக் கடைசியில் அது கோவிலுக்கோ, தன்னைவிட இல்லாத ஒரு வீட்டுக்கோ போகும். தவக்காலத்தில் உண்டியலும் வீட்டில் இருக்கும். எங்கள் மருத்துவமனைக்கு வந்த காணிக்கைகளில் அந்த வீட்டு உண்டியலும் சேர்ந்திருக்கிறது.

விசுவாசத்தில் அவருக்குக் குறை சொல்ல முடியாது. இரவு ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். யாருக்கு எந்தத் தொடர் ஓடினாலும் சரி, பாய் விரித்துச் செபமாலை சொல்லிய பிறகுதான் சோறு. "முணுமுணுத்துக்கிட்டே உட்காருவாங்க, ஆனா உட்காருவாங்க" என்று சிரிப்பார். ஜனவரியில் கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகத் தவறியதில்லை. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் விருத்தாசலம் பகுதிக்கு வந்து, சேலை கட்டிய தமிழ்த் தாயாகக் குழந்தையை ஏந்தி நிற்கும் மாதாவை அங்கே வைத்தார். அந்த மாதாவைப் பார்க்கும்போது தன்னைப் போலவே ஒரு வீட்டுப் பெண் நிற்பதாகத் தோன்றும் என்பார்.

2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு மே 7 அன்றும், பிறகு ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. நம்மைச் சுற்றியிருந்த குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. அந்த ஜூலைக் காலையில் இங்கே எத்தனை பெண்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாவின் கணவர் அன்று வேறு ஷிப்ட். உயிரோடு வீட்டில் இருந்தார். அந்த நன்றிக்காக அவர் ஒரு பொருத்தனை செய்தார்: இனி வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒருசந்தி. பகலில் தண்ணீரும் தேநீரும் மட்டும். இரவு எல்லாரும் உண்டபின் மிஞ்சியது. அதை ஒரு வாரம்கூடத் தவறாமல் காத்துவந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, மாமியாரின் கண்புரை அறுவைக்காக அவரை எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். துணைக்கு இரவு தங்கினார். மறுநாள் காலை கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வராந்தாவில் நடந்து வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்த சிஸ்டர் அவரைப் படுக்கவைத்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. வெள்ளைத் தாள் போலிருந்தது. இரத்தம் சோதித்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது 5.

"இவங்க பழைய அட்டையை எடுங்க" என்றார் மருத்துவர். அவர் கையோடு கொண்டுவந்த மஞ்சள் பையை நாங்கள்தான் திறந்தோம். உள்ளே எங்கள் மருத்துவமனையின் நோயாளி அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்காக இருந்தன. மாமியாரின் அட்டை, கணவரின் அட்டை, மூன்று பிள்ளைகளின் அட்டைகள். ஐந்து பேருக்கும் ஐந்து அட்டை. காய்ச்சல், கைமுறிவு, காதுவலி என்று எத்தனையோ முறை அவர்தான் அவர்களைக் கூட்டி வந்திருக்கிறார். ஆனால் அவர் பெயரில் ஒரு அட்டை இல்லை. இத்தனை ஆண்டுகளில் தனக்காக ஒருமுறைகூட அவர் எங்கள் சீட்டு வாங்கும் ஜன்னலில் நின்றதில்லை.

சிஸ்டர் மெல்லக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று ஆண்டுகளாக மாதவிலக்கின்போது அளவுக்கு மீறிய போக்கு. பத்து நாள், பன்னிரண்டு நாள் நீடிக்கும். கட்டி கட்டியாகப் போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். காது இரையும். கணவருக்குத் தெரியாது. மகளுக்குச் சந்தேகம் வந்து கேட்டபோது, "வயசானா இப்படித்தான்" என்று வாயை அடைத்துவிட்டார். பரிசோதனையில் கருப்பையில் நார்க்கட்டி என்று தெரிந்தது. பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல, குணப்படுத்தக் கூடியது. முதல் ஆண்டே வந்திருந்தால் மாத்திரையிலேயே போக்கைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றும் சொன்னார்.

ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்டோம். முதலில் கூச்சம் என்றார். பிறகு பணம் என்றார். ஸ்கேன், மருந்து, அறுவை என்று போனால் மகனின் கல்லூரிக் கட்டணம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கடைசியாக அவர் சொன்ன காரணம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

அதற்கு முந்தைய தவக்காலத்தில் இதே ஊரில் தியானம் நடத்தினோம். அன்று நாங்கள் இந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தோம். வாரம் இரண்டு நாள் ஒருசந்தி இருக்கிறார், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை, இவரல்லவா கத்தோலிக்கத் தாய் என்றோம். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதே அவர் முகம் வெளுத்திருந்தது. நாங்கள் அதைத் தவத்தின் களை என்று நினைத்துக்கொண்டோம். "நீங்க அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்ன பிறகு, நான் எப்படி சாமி ஒருசந்தியை விடுறது? எனக்கு முடியலைன்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் கேட்டார்.

அன்பானவர்களே, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு நோயை நாங்கள் புண்ணியம் என்று புகழ்ந்திருக்கிறோம். மெழுகுவர்த்தியைப் பற்றி அழகாகப் பேசினோம், அது உருகித் தீர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கவில்லை. இதற்காக அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் முன்னாலும் கேட்கிறோம்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். மாற்கு எழுதிய நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறார். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கு. கையிலிருந்ததையெல்லாம் மருத்துவர்களுக்குச் செலவழித்தும் பயனில்லை. கூட்டத்துக்குள் பின்புறமாக வந்து யாருக்கும் தெரியாமல் ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறார். நம் தாய்மார்கள் கோவிலில் தூணுக்குப் பின்னால் நின்று அழுவதைப் போல. ஆண்டவர் அப்போது அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள். ஆனாலும் அந்த அவசரத்தை நிறுத்திவிட்டு, தொட்டது யார் என்று கேட்கிறார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே நடந்ததெல்லாம் சொல்கிறார். ஆண்டவர் அவரை மகளே என்று அழைக்கிறார். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்காக அவர் அவளைப் பாராட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. மறைந்து நின்றவளை முன்னால் வரவைத்து, பேசவைத்து, குணமாக்கி அனுப்புகிறார். பிறகு யாயீரின் வீட்டுக்குப் போய்ச் சிறுமியை எழுப்பியதும் அவர் சொன்ன காரியம் என்ன? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். இறந்தவளை எழுப்பிய ஆண்டவர், அவள் சாப்பிட்டாளா என்பதையும் கவனித்தார்!

இன்னொரு வீட்டையும் பாருங்கள். அதே நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். ஆண்டவர் வீட்டுக்குள் வந்தவுடனே வீட்டார் அந்த அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுகிறார்கள். இதை நாங்கள் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம், ஆனால் இந்த ஒரு வரியைக் கவனித்ததில்லை. விருந்தாளி வந்திருக்கிறார், சமையலுக்கு ஆள் இல்லையே என்று அவர்கள் அந்த அம்மாவை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பவில்லை. நோயைப் பற்றி அவர் தாமே வாய் திறக்க வேண்டியும் இருக்கவில்லை. வீட்டார் பார்த்திருந்தார்கள். வீட்டார் சொன்னார்கள். ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பினார். அதற்குப் பிறகுதான் அவர் பணிவிடை செய்தார். முதலில் குணம், பிறகு பணிவிடை. நம் வீடுகளில் இந்த வரிசை மாறிக் கிடக்கிறது.

புனிதர்களின் வாழ்விலும் இதைக் காணலாம். குழந்தை தெரேசாவை நமக்குத் தெரியும். அவருடைய தாய் புனித செலி மார்ட்டினைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பிரான்சு நாட்டில் அலன்சோன் என்ற ஊரில் லேஸ் பின்னி விற்கும் தொழில் நடத்திய குடும்பத் தலைவி. ஒன்பது பிள்ளைகள் பெற்றார். நான்கு பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தார். தொழில் பெருகியபோது அவர் கணவர் லூயி தமது கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்தார். கணவன்மார்களே, இதைக் கவனியுங்கள். 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்தோலிக்கக் கணவர் செய்த காரியம் இது. செலி எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளின் பல்வலி, வேலைக்காரப் பெண்ணின் காய்ச்சல், விற்காத லேஸ் என்று நம் வீட்டுச் சமாச்சாரங்களே அவற்றிலும் நிறைந்திருக்கின்றன.

1865-இல் மார்பில் ஒரு கட்டி இருப்பதைச் செலி தம் தம்பிக்கு எழுதினார். அவர் மருந்தாளர் தொழிலுக்கு வந்தவர். ஆனால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. பிள்ளைப்பேறு, வீடு, தொழில், பிள்ளைகளின் சாவு என்று 11 ஆண்டுகள் ஓடின. 1876-இன் கடைசியில் மருத்துவரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. 1877 ஜூன் மாதம் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார். உடல் குணமாகவில்லை. ஆகஸ்டு 28 அன்று, 45 வயதில் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நான்கு வயது. அந்தக் காலத்து மருத்துவத்தால் எவ்வளவு செய்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி. இன்று நிலைமை அப்படியல்ல. 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் செலியையும் லூயியையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவியாகச் சேர்ந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதியர் அவர்கள். கட்டியைக் கவனிக்காமல் விட்டதற்காகத் திருச்சபை செலிக்குப் பட்டம் கொடுக்கவில்லை, அன்போடு வாழ்ந்ததற்காகக் கொடுத்தது. அவரை நம் தாய்மார்கள் அன்பில் பின்பற்றட்டும், தாமதத்தில் வேண்டாம்.

"அப்படியானால் புனித ஜான்னா தன் உயிரையே கொடுத்தாரே?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. இத்தாலியக் குழந்தை மருத்துவரான ஜான்னா பெரெட்டா மோல்லா 1961-இல் கருவுற்றிருந்தபோது கருப்பையில் நார்க்கட்டி கண்டார்கள். கருப்பையையே அகற்றினால் தாய்க்கு ஆபத்து குறைவு, ஆனால் குழந்தை போய்விடும். கட்டியை மட்டும் அகற்றச் சொன்னார். 1962 ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 28 அன்று, நோய்த்தொற்றால் இறந்தார். 2004-இல் புனிதர் பட்டம் பெற்றபோது அவர் கணவரும் அங்கே இருந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜான்னா எதையும் மறைக்கவில்லை. மருத்துவரிடம் போனார், அறுவை செய்துகொண்டார், கணவரோடு பேசினார், எல்லாம் அறிந்து ஒரு பிள்ளையின் உயிருக்காகத் தீர்மானித்தார். தெரிந்து கொடுப்பது தியாகம். யாருக்கும் தெரியாமல், ஸ்கேன் செலவுக்குப் பயந்து, வாடிக்கையாக வதங்கிப்போவதைத் தியாகம் என்று சொல்லக்கூடாது. அதைத் தடுப்பதுதான் வீட்டாரின் கடமை, பங்கின் கடமை, எங்கள் மருத்துவமனையின் கடமை.

மிஷன் மருத்துவமனைகளுக்கு இந்த வேதனை புதிதல்ல. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனத்தில், 1890-களில் ஓர் இரவில், மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரின் கதவை மூன்று ஆண்கள் அடுத்தடுத்துத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும், ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். ஐடா அப்போது மருத்துவர் அல்ல. விடிவதற்குள் மூன்று தாய்மார்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அவர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். இன்று பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது. ஆனால் எங்கள் கதவைத் தட்டுவதற்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கள். பாதிப்பேர் என்று கணக்கு.

ஆகவே எங்கள் மருத்துவர்களும் சிஸ்டர்களும் சொல்லி அனுப்பியதைச் சொல்கிறோம். இதைச் சாமியார் பேசுகிறாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனால், ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். மார்பில் கட்டி தென்பட்டால் வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் அதன் ஆபத்து. இன்று இந்தியப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். எங்களிடம்தான் வர வேண்டும் என்பதில்லை, எங்காவது போங்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன் சேருங்கள். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தச் சத்து சேராமல் போகும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். இவற்றையெல்லாம் நீங்கள் வாங்கிச் சமைக்கத்தான் செய்கிறீர்கள். முட்டை கணவருக்கும் மகனுக்கும் போகிறது. மகளுக்குப் பாதி. உங்களுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. இன்று முதல் ஆறு பேர் வீட்டில் ஆறு பங்கு வையுங்கள்.

ஒருசந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரண்டு நாள்தான் திருச்சபை நம்மை ஒருசந்தி இருக்கக் கட்டாயப்படுத்துகிறது. அதுவும் 18 வயதிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும் வரைதான். நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கு அதுவும் கட்டாயமில்லை. பொருத்தனை செய்துவிட்டோமே என்று பயப்படுகிறவர்கள் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். அதை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொடுக்க வழியிருக்கிறது. மாதா உங்கள் இரத்தத்தைக் கேட்கவில்லை.

ஆண்களே, உங்களுக்கு உங்கள் மொழியிலேயே ஒன்று சொல்கிறோம். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை எத்தனை நாள் நிறுத்தாமல் ஓட்டுவீர்கள்? எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டாலும் ஒரு காலத்தில் நிறுத்தி ஓவர்ஹால் செய்யாமல் விடமாட்டீர்கள். விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரும்புக்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தை வீட்டில் நான்கு மணிக்கு எழுந்து நிற்கும் உயிருக்குக் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் மனைவி கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார் என்று சொல்ல முடியுமா? அவராகச் சொல்லமாட்டார். பேதுருவின் வீட்டாரைப் போல நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளே, அம்மா சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் வரும். தட்டைப் பாருங்கள்.

இனி ஆதரவாளர்களுக்கு. அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதலில் இரத்தம் ஏற்றினோம். அதற்கு ஈடாக இரத்த வங்கியில் மூத்த மகன் இரத்தம் கொடுத்தான். இரத்த அளவு தேறியபிறகு அறுவை நடந்தது. நல்ல வேளையாகப் புற்றுநோய் இல்லை. செலவில் முடிந்ததைக் குடும்பம் கட்டியது, மீதியை உங்கள் காணிக்கை கட்டியது. மகனின் கல்லூரிப் படிப்பு நிற்கவில்லை. கணவர் ஆறு வாரம் ஷிப்டு முடிந்து வந்து தண்ணீர் பிடித்தார். சோறு முதல் நாள் குழைந்துபோனது என்றும், பிறகு தேறிவிட்டார் என்றும் அந்த அம்மா சொன்னார். ஒரு கண்ணில் கட்டோடு மருமகளின் படுக்கையருகே உட்கார்ந்திருந்த மாமியார், "எனக்குக் கண்ணு தெரியணும்னு கூட்டிட்டு வந்தா. கண்ணு தெரிஞ்சவங்க நாலு பேரு வீட்டுல இருந்தும் இவளை யாரும் பார்க்கலையே" என்று அழுதார். நாங்கள் கேட்ட மறையுரைகளில் அதைவிடப் பெரியது இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு தாய் பிள்ளையையோ மாமியாரையோ கூட்டிவந்தால், "உங்க அட்டை எங்கே?" என்று சிஸ்டர் கேட்பார். இல்லையென்றால் அன்றே அவர் பெயரில் கட்டணமில்லாமல் ஓர் அட்டை போட்டு, எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்து அனுப்புவோம். பெரிய திட்டம் என்று சொல்ல மாட்டோம். பெரிய கட்டடமும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் பரிசோதனைச் செலவும், மாத்திரையும், சில சமயம் இரத்தமும் அறுவையும் வரும். அதற்காகத்தான் உங்கள் முன் கையேந்துகிறோம். நீங்கள் அனுப்புவதில் பெரும்பகுதி ஏதோ ஒரு தாய் தன் அரிசிப் பானையிலிருந்து எடுத்த பிடி என்பது எங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு தாயின் உயிராகத் திருப்பித் தருவோம் என்று வாக்குக் கொடுக்கிறோம். அதோடு, காணிக்கை அனுப்பும் ஒவ்வொரு தாயும் முதலில் தன் அட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் அன்பான நிபந்தனை.

அந்த அம்மா இப்போதும் பிடி அரிசி எடுக்கிறார். ஏழரை மணிக்குத் தொலைக்காட்சி நிற்கிறது. ஒருசந்திக்குப் பதிலாக, சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டுக்குப் போய் அங்கிருக்கும் பெண்ணிடம், "உனக்கு அட்டை இருக்கா?" என்று கேட்டு வருகிறார். பங்குத்தந்தையின் சம்மதத்தோடு மாற்றிக்கொண்ட பொருத்தனை அது. போன மாதம் அவரை மருத்துவமனையில் பார்த்தோம். மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். அட்டைகள் ஆறு இருந்தன.

செபிப்போம். ஆண்டவரே, கூட்டத்தின் நடுவே மறைந்து நின்ற பெண்ணை நீர் பார்த்தீர். எங்கள் வீடுகளில் மறைந்து நிற்கிறவர்களைப் பார்க்க எங்களுக்கும் கண் தாரும். எங்கள் தாய்மார்களுக்கு உடல் நலமும், அதைக் கேட்டுப் பெறும் துணிவும் தாரும். இந்தப் பணியைத் தாங்கும் எல்லாக் குடும்பங்களையும் ஆசீர்வதியும். ஆமென்.